பின்சீட்டில் பெரியவள்

சின்னவள் வண்டியை வாங்கிவந்து வாசலில் நிறுத்திய அன்று பெரியவள் பயந்துபோனாள். வண்டியைப் பார்த்து அல்ல. இரண்டு கை மாறிய பழைய மோட்டார் சைக்கிள், டேங்கில் ஒரு நெளிசல் வேறு, அதைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்ற தங்கச்சியின் முகத்தைப் பார்த்துத்தான் பயம். இருபத்தேழு வருஷத்தில் அவள் அப்படி வாயெல்லாம் பல்லாக நின்று அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

“அக்கா, ஸ்டார்ட் பண்ணிக் காட்டவா?”

“தெருவே வேடிக்கை பாக்குது. மொதல்ல உள்ள வா.”

விஷயம் இதுதான். சின்னவளுக்குப் பக்கத்துத் தெரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. கைராசிக்காரி என்று பெயர். அவள் ஊசி குத்தினால் கைக்குழந்தைகூடச் சிணுங்காது. இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவர ஆள் தேடியது. தங்குவதற்கு அறையும் கொடுப்பார்கள். நேர்முகம் முடிந்து வேலையும் உறுதியாகிவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை, அடுத்த மாசக் கடைசிக்குள் மோட்டார் சைக்கிள் லைசென்ஸோடு வந்து நிற்க வேண்டும். கையில் ஐந்து வாரம் இருந்தது.

பெரியவளுக்கு முப்பத்தொன்பது. முன் அறையில் தையல் மிஷின் போட்டு, பள்ளிச் சீருடைச் சட்டைகளுக்குக் காலர் வைக்கிறாள். உள் அறையில் அப்பா. பக்கவாதம் வந்து படுத்து மூன்று வருஷம். கை கால் போயிற்றே தவிர வாய் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் தப்பித்துக்கொண்டது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் போடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். ஆளோ மலை மாதிரி. ஒருத்தி தோளைப் பிடித்து, ஒருத்தி இடுப்பைப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு புரட்ட வேண்டும். அம்மா போனபிறகு பெரியவளைப் பார்க்க வந்த மூன்று மாப்பிள்ளை வீட்டாரும் அந்தக் கட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான். இப்போது தங்கச்சியும் போய்விட்டால்? அந்தக் கட்டிலும் இவளும் மட்டும்.

இதை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கும். சொன்னாளா? மாட்டாள். “போடி, போய் உன் வாழ்க்கையைப் பாரு. இங்க நான் இருக்கேன்” என்று தங்கச்சியின் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினாள். நல்லவள் என்று பெயர் வாங்குவதில் அப்படி ஒரு ஆசை அவளுக்கு.

வண்டியை விற்ற மெக்கானிக்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லிக்கொடுத்தார். லாரிகள் நிறுத்தும் மைதானம், காலை ஆறு மணி. “கிளட்ச மெதுவா விடும்மா. என்ன, பிடிக்காத மாப்பிள்ளை கையா அது, அப்படி உதறுற?” என்று அவர் கேட்க, சின்னவள் சிரித்துச் சிரித்தே மூன்றாவது கியருக்குப் போய்விட்டாள். இரண்டாவது ஞாயிறு வளைவுகள் பழகினாள். கிளம்பும்போது மெக்கானிக், ஓரமாக நின்ற பெரியவளிடம் சொன்னார்.

“இனிமே நீங்க பின்னாடி உக்காந்து பழக்கி விடலாம். ஒண்ணே ஒண்ணு. வண்டி எந்தப் பக்கம் சாயுதோ நீங்களும் கூடவே சாயணும். இல்லையா, மூட்டை மாதிரி சும்மா உக்காந்திருங்க. பயந்துபோய் எதிர்ப்பக்கம் சாஞ்சீங்கன்னா, புதுசா ஓட்டுறவங்களுக்கு வண்டி பேலன்ஸ்ல நிக்காது.”

மறுநாள் காலை பெரியவள் முதல்முறையாகப் பின்சீட்டில் ஏறினாள். மைதானத்துக் கடைசியில், டயர்கள் குவித்துக் கிடக்கும் இடத்தில் வண்டி இடப்பக்கம் திரும்பியது. தரை மேலே வருவதுபோல இருக்கவே, ஐயோ என்று வலப்பக்கம் சாய்ந்துவிட்டாள். சத்தியமாகப் பயத்தில்தான். ஹேண்டில் உதறியது, சின்னவள் இரண்டு காலையும் ஊன்றினாள், வண்டி அணைந்து நின்றது.

“என்னாச்சு எனக்கு? நேத்து நல்லாத்தானே திரும்பினேன்?”

‘நான்தான்டி சாஞ்சுட்டேன்’ என்று சொல்லத்தான் பெரியவள் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“உனக்கு லெஃப்ட் சரியா வரல போலிருக்கே.”

அவ்வளவுதான். எவ்வளவு லேசாக வந்துவிட்டது பாருங்கள். சின்னவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, “ஆமாக்கா, லெஃப்ட்தான் வரல” என்று மறுபடி சுற்றி வந்தாள். மறுபடி டயர்க் குவியல். இந்தத் தடவை பெரியவளுக்குப் பயம் இல்லை. இடுப்பை ஒரு சாண் நகர்த்தினாள். அது போதுமானதாக இருந்தது.

அதிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு அந்தக் கூத்துதான். நேராகப் போனால் மூட்டைபோல உட்கார்ந்திருப்பாள். திருப்பத்தில் மட்டும் அந்த ஒரு சாண். கூடவே காதோரம் ஒரு “பாத்து, பாத்து, பாத்து!” பத்துத் திருப்பத்தில் நாலில்தான் செய்வாள், கெட்டிக்காரி. எல்லாவற்றிலும் செய்தால் சந்தேகம் வந்துவிடாதா? எப்போது சரியாக வரும், எப்போது வராது என்று தெரியாமல் சின்னவள் குழம்பிப்போனாள். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை கன்றிவிட்டது.

“தனியா ஒரு ரவுண்டு போய்ப் பாக்கறேனே?”

“உன்னைத் தனியா விட்டுட்டு நான் இங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கவா? அதெல்லாம் வேணாம்.”

ஒருநாள் அப்பா படுக்கையை நனைத்துவிட, பெரியவள் மைதானத்துக்குப் போய்ச்சேரத் தாமதமாகிவிட்டது. கேட் அருகே வந்தவள் அப்படியே நின்றாள். சின்னவள் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தாள். டயர்க் குவியலைச் சுற்றி இடம், வலம், மறுபடி இடம். கால் கீழே படவில்லை, ஹேண்டில் உதறவில்லை. தனக்குத்தானே ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வேறு ஓட்டினாள். இவள் போய்விடுவாள். நிச்சயம் போய்விடுவாள்.

சின்னவள் ஓடிவந்து, “அக்கா பாத்தியா? தனியா லெஃப்ட் எடுத்தேன்!” என்று குதித்தாள்.

“பாத்தேன். வர்ற வழியில இன்னொண்ணும் கேட்டேன். மைதானத்துக்கு வரும்போது மூலை வீட்டைத் தாண்டித்தானே ஓட்டிட்டு வந்தே?”

“ஆமா, ஏன்?”

“அந்த வீட்டுல மாசமா இருக்கிற பொண்ணு, உன் வண்டி மேல ஏறிடுமோன்னு பதறிப்போய்ச் சாக்கடையில காலை விட்டுட்டாளாம். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா.”

சின்னவளின் முகம் வெளுத்துவிட்டது. “நான் யாரையும் பாக்கவே இல்லியேக்கா.”

“அதான் சொல்றேன். நீ பாக்கவே இல்ல.”

படுபாவி! மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று கிளம்பியவளை, “அவங்க உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேங்கறாங்க, நான் பேசிக்கறேன்” என்று தடுத்தும் விட்டாள். அன்றிலிருந்து சின்னவள் மூலை வீட்டுப் பக்கம் போகாமல், சுற்றுவழியாக லேபுக்கு நடந்தாள். தனியாக ஓட்டுகிறேன் என்ற பேச்சே எடுக்கவில்லை. “நீ பின்னாடி இருந்தாத்தான்க்கா எனக்குத் தைரியம்” என்றாள்.

லைசென்ஸ் டெஸ்டுக்கு நாலு நாள் இருந்தபோது இரண்டு பேரும் விழுந்தார்கள். மைதானத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துத் திருப்பத்தில் மணல் கிடந்ததைப் பெரியவள் கவனிக்கவில்லை. வழக்கம்போல ஒரு சாண் நகர்த்தினாள். வண்டி உதறவில்லை, ஒரேயடியாக வழுக்கிப் படுத்துவிட்டது. சின்னவளுக்கு முழங்கால் சிராய்ப்பு. பெரியவளுக்கு முழங்கை கிழிந்து மூன்று தையல். பத்து நாளைக்கு மிஷினைத் தொட முடியாது. தன் வலையில் தானே விழுந்தவளுக்கு வலியோடு ஒரு திருப்தியும் இருந்தது, அதுதான் கொடுமை. தையல் போடும்போது சின்னவள் ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

“உன்னைக் கொல்லப் பாத்தேனேக்கா. உன்னைக் கொல்லப் பாத்தேனே.”

“விடுடி. எல்லாருக்குமா வண்டி வந்துடுது?”

டெஸ்டில் தனியாகத்தான் ஓட்ட வேண்டும். எட்டு வடிவத்தில் கோடு போட்டிருந்தார்கள், கால் ஊன்றாமல் சுற்றிவர வேண்டும். பின்சீட்டில் யாரும் இல்லை. பெரியவள் வேலிக்கு வெளியே கட்டுப்போட்ட கையோடு நின்றாள், அவள் செய்ய வேண்டியது எதுவும் மிச்சமில்லை. முதல் இடப்பக்க வளைவு வந்ததுமே சின்னவள் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தாள். கால் ஊன்றினாள். அதிகாரி பேனாவை மூடிவிட்டு, “அடுத்த மாசம் வாம்மா” என்றார். ஆஸ்பத்திரி வேலை அடுத்த மாசம்வரை காத்திருக்காது. வேறொருத்திக்குப் போனது.

பெரியவள் கேட்டது கிடைத்துவிட்டது. தங்கச்சி வீட்டோடு இருப்பாள். இரண்டு பேராக அப்பாவைப் புரட்டுவார்கள். வண்டியைப் பழைய போர்வை போட்டு மூடிச் சுவரோரம் நிறுத்தினார்கள்.

ஆனால் பயம் என்ன, அளந்து ஊற்றுகிற எண்ணெயா, இவ்வளவு போதும் என்று நிறுத்துவதற்கு? முதலில் சின்னவளால் தெருவைத் தாண்ட முடியவில்லை, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் லேபில் கை நடுங்கியது. ஒரு பெரியவருக்கு நாலு தடவை குத்தியும் நரம்பு கிடைக்காமல் ஊசியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டாள். குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலை கொடுத்தார்கள். ஒவ்வொரு சீட்டையும் ஐந்து தடவை சரிபார்த்து, வாசல்வரை கூட்டம் சேர்ந்துவிட்டது. “கொஞ்ச நாள் வீட்டுல இரும்மா” என்று அனுப்பிவைத்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவேயில்லை.

பிறகு ஒரு காலையில் அப்பாவைப் புரட்டும்போது இடுப்புப் பக்கம் பிடித்திருந்தவள், “நழுவுது, நழுவுது” என்று கத்திக் கையை விட்டுவிட்டாள். அப்பாவின் தலை கட்டில் கம்பியில் இடித்தது.

“ரெண்டு சக்கரத்தை நிறுத்தத் தெரியாதவ என்னை எங்கடி தூக்கப் போறே? தொடாதே என்னை!” என்று கூரை பறக்கக் கத்தினார் அப்பா.

அதோடு சின்னவள் அந்த அறைக்குள் போவதை விட்டாள். இப்போது பெரியவள் ஒருத்தியே முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, பெட்ஷீட்டைப் பிடித்து இழுத்து, அவரைப் புரட்டினாள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. தைக்க உட்கார்ந்தால் நிமிர முடியவில்லை.

மூன்று மாதம் தாங்கினாள். மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொன்னாள் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு. உறுத்தியது இடுப்புதான். ஒரு மத்தியானம் தங்கச்சியை அடுப்படியில் உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

“உனக்கு வண்டி நல்லா வந்துச்சுடி. நான்தான் பின்னாடி உக்காந்து எதிர்ப்பக்கம் சாஞ்சு சாஞ்சு கெடுத்தேன். வேணும்னே செஞ்சேன். நீ போயிடுவியேன்னு.”

சின்னவள் தன் முழங்கால் தழும்பைத் தடவினாள்.

“விழுந்தோமே, அப்பவும்?”

“அப்பவும்தான்.”

“உன் கை கிழிஞ்சுதே. தன்னைத் தானே யாராவது தள்ளி விட்டுக்குவாங்களா?”

“மணல் இருந்ததை நான் பாக்கலடி! மூலை வீட்டுக்காரி கதையும் பொய். அவ சாக்கடையில விழவே இல்ல. வேணும்னா வா, இப்பவே போய்க் கேக்கலாம்.”

“அவங்ககிட்டயும் போய் இப்படிச் சொல்லணும்னு சொல்லி வெச்சுட்டியா, எனக்காக?”

பெரியவள் சின்னவளின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். “நான் சொல்றதைக் கேளு. நான் கெட்டவ. எழுந்திரு, சாவி தர்றேன், தனியா ஓட்டிப் பாரு. ஒரு ரவுண்டுலயே உனக்குப் புரிஞ்சுடும்.”

சாவி என்ற வார்த்தையைக் கேட்டதுமே சின்னவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். “வேணாம்க்கா, உன் கால்ல வேணா விழறேன். வண்டி மட்டும் வேணாம்.” பிறகு மெல்ல நகர்ந்து வந்து அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணைத் துடைத்துவிட்டாள். மூன்று மாதத்தில் முதல்முறையாக அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு.

“எனக்குத் தைரியம் வரணும்னு உன் தலையிலயே பழியைப் போட்டுக்கறியே, அசடு. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? நீ மட்டும் பின்னாடி இல்லன்னா நான் அன்னிக்கே செத்திருப்பேன்.”

இத்தனை பொய்யையும் ஒன்றுவிடாமல் நம்பியவள் இந்த ஒரு உண்மையை மட்டும் நம்பவில்லை. பெரியவள் என்னென்னவோ சொல்ல வாயெடுத்தாள். சின்னவள் அவள் வாயைப் பொத்தி, மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

உள் அறையிலிருந்து அப்பா கத்தினார். புரட்டிப் போடும் நேரம்.

“நீ போக்கா” என்று சின்னவள் எழுந்து வழிவிட்டாள். “நான் பிடிச்சா நழுவிடும்.”