சித்திக்கு மாற்று ஆள்

"தாய்மை என்பது..." என்று ஆரம்பித்த நிறுவனருக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் காலடியில் முழங்காலிட்டு, மருந்துக் கடைக்காரர் விட்டுப்போன குண்டுப் பயலின் நனைந்த கால்சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி, ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, வியாழக்கிழமை காலைல வந்து படுத்துடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"வியாழக்கிழமைதானே விழா?"

"ஆமா."

"அப்ப அடுத்த வாரம் படுத்துக்க. குடல் எங்க ஓடிப்போகப் போகுது?"

ஓடத்தான் பார்த்தது. பழைய ஆபரேஷன் தழும்பின் ஓரத்தில், எலுமிச்சங்காய் அளவுக்கு வெளியே எட்டிப் பார்க்க ஆரம்பித்து ஒரு வருஷமாகிறது. முதலில் மல்லாந்து படுத்தால் தானாக உள்ளே போய்விடும். இப்போதெல்லாம் படுத்த பிறகும் யோசித்துத்தான் போகிறது. எங்காவது சிக்கிக்கொண்டால் உயிருக்கே உலை என்றார் டாக்டர். இனிமேல் எதையும் தூக்காதே என்றும் சொன்னார். பிள்ளைகள் தாமாக இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளாது என்பதை அவரிடம் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

தெருவில் எல்லாருக்கும் அவள் சித்தி. பிள்ளைகளுக்குச் சித்தி, பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கும் சித்தி. முன்கூடமும் அதை ஒட்டிய அறையும் சேர்ந்ததுதான் அவள் ராஜ்யம். காலையில் ஆறு பிள்ளைகளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார்கள், விளக்கு வைக்கும் நேரத்துக்கு அள்ளிக்கொண்டு போவார்கள். அவள் கணவர் துணிக்கடையில் மேற்பார்வையாளராக இருந்தவர். கடையை மூடிவிட்டார்கள், மேற்பார்வை மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்த முதல் மாதமே வாசலில் ஒரு பலகை மாட்டினார். அதில் பெயரைவிட 'நிறுவனர்' என்ற சொல் பெரிதாக இருந்ததால், தெருவும் அப்படியே கூப்பிடத் தொடங்கியது. நிறுவனத்தில் அவருடைய வேலை, சித்தி தரை துடைக்கும்போது நாற்காலியில் இருந்தபடியே காலைத் தூக்கிக்கொள்வது.

அந்த விழாவில் சித்திக்குக் கொடுக்கப்போகும் விருது சும்மா வரவில்லை. வீட்டோடு நடத்தும் பிள்ளைக் காப்பகங்களின் தரத்தை உயர்த்துவதற்கென்று ஒரு துறை உண்டு. அதிலிருந்து ஒரு மேற்பார்வை மேடம் வந்தார். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் நிறுவனர் செய்த காரியங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். பிள்ளைகள் தட்டி விளையாடும் பழைய பாத்திரங்களைப் பரணில் போட்டுவிட்டு, புத்தம் புது பொம்மைகளை வாங்கி, உறையைப் பிரிக்காமல் அலமாரியில் அடுக்கினார். பிரித்தால் அழுக்காகுமாம். கழிவறையைக் கழுவிப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மேடம் பார்த்த பிறகு பிள்ளைகள் போகட்டும் என்பது ஏற்பாடு. பிள்ளைகள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. மேடம் உள்ளே நுழைந்தபோது கூடத்தின் நடுவில் குண்டுப் பயல் தன் கருத்தை ஏற்கனவே தெரிவித்திருந்தான்.

மேடம் அதையெல்லாம் பெரிதுபடுத்தவில்லை. சோப்பு பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா, சன்னலுக்குக் கம்பி இருக்கிறதா, சித்தி பிள்ளைகளோடு பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுகிறாளா என்று கவனமாகப் பார்த்தார். நல்ல மனுஷிதான். கடைசியில் உட்கார்ந்து, இந்தக் காப்பகத்துக்கு என்ன ஆதரவு தேவை என்று சித்தியைக் கேட்டார். நிறுவனர் பதில் சொன்னார்: ஒன்றும் தேவையில்லை, இவளுக்குப் பிள்ளைகள் என்றால் உயிர், பசிகூடத் தெரியாது.

சித்தி குறுக்கே பேசினாள். அது அவளுக்கே புதுசு.

"ஒரு ஆள் வேணும் மேடம். நான் படுத்தா எடுத்துப் பாக்க ஒரு ஆள்."

மாற்று ஆள் திட்டத்தில் இல்லை என்றார் மேடம். ஆனால் பயிற்சி உண்டு. மன அழுத்தத்தைக் கையாளுவது எப்படி என்று ஒரு நாள் வகுப்பு, காலை பத்திலிருந்து மாலை வரைக்கும், மதியச் சாப்பாட்டோடு. அன்றைக்குப் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று சித்தி கேட்டாள். அந்த ஏற்பாட்டை அவரவரே செய்துகொள்ள வேண்டும் என்று மேடம் மென்மையாகச் சொன்னார். போகிற போக்கில் சித்தியின் தோளைத் தட்டி, உங்களைப் போன்றவர்களால்தான் உலகம் நடக்கிறது என்றார். உலகம் நடந்தது, சித்திக்குத்தான் நடக்க முடியவில்லை.

பிறகுதான் விருதுச் செய்தி வந்தது. சிறந்த தாயுள்ளமாம்.

சித்தி பெற்றவர்களிடம் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தாள். பத்து நாள் போதும், வயிற்றைத் தைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாள். வங்கிக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கணக்கு முடிக்கிற நேரம், அரை நாள் லீவு கேட்டாலும் மேனேஜர் கடித்துத் தின்றுவிடுவார் என்றாள். வக்கீலுக்கு அந்த வாரம் முழுக்க வழக்குகள். மருந்துக் கடைக்காரர் இருக்கிற வேலையை எல்லாம் விட்டுவிட்டு, குடலிறக்கத்துக்கு இடுப்பில் கட்டும் பட்டை ஒன்றைக் கழிவு விலையில் எடுத்துக் கொடுத்தார். எல்லாருமே அவள்மேல் பாசமாகத்தான் இருந்தார்கள். அந்தப் பாசத்துக்குக் காலும் கையும் கிடையாது, வாய் மட்டும்தான்.

பேருந்து நிலையத்தைக் கூட்டுகிறவள் ஒருத்திதான், "நீ போய்ப் படு சித்தி, என் புள்ளையை நான் பாத்துக்கறேன்" என்றாள். லீவு போட்டால் அவளுக்கு அன்றைய கூலி கிடையாது. விழாவுக்கு அழைத்தவர்களில் அவள் மட்டும் இல்லை. மேடையில் பேசத் தெரியாதவர்களை எதற்கு என்று நிறுவனர் விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நம்பமாட்டீர்கள். வங்கிக்காரி வழக்கம்போல் மகளை இறக்கிவிட்டாள். ஆனால் உடம்பில் புது உடுப்பு, கழுத்தில் கல் வைத்த சங்கிலி. அடுத்து வக்கீல் வந்தார், வாசனையோடு வந்தார். மருந்துக் கடைக்காரர் கடைக்கு விடுமுறைப் பலகை மாட்டிவிட்டு வந்தார். எல்லாரும் சித்தியைப் பாராட்டிப் பேசுவதற்காக லீவு போட்டிருந்தார்கள். பாராட்டுகிற இடத்தில் பிள்ளைகள் அழுதால் நன்றாக இருக்காதே என்று, பிள்ளைகளைச் சித்தியிடம் விட்டுவிட்டுப் போனார்கள்.

"அப்ப மேடைக்கு யாரு போறது?" என்றாள் சித்தி.

நிறுவனர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். "நான் வாங்கிக்கிட்டு வரேன். புள்ளைங்களை விட்டுட்டு நீ எப்படி வருவே?"

அவர் போய்விட்டார். சித்தி கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிற்றுக்குள் ஏதோ சுருண்டு முறுக்கியது. பிறகு ஆஸ்பத்திரிக்கென்று மாற்றுத் துணி வைத்த பையை எடுத்தாள். பிள்ளைகளைத் தெருவில் கூட்டிப்போவதற்கென்று முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று வைத்திருந்தாள்; ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். கூட்டுகிறவள் தன் பிள்ளையைத் தானே வைத்துக்கொண்டதால் நாலு பேர்தான் பிடித்துக்கொண்டார்கள். நடக்கத் தெரியாத குண்டுப் பயலைக் காய்கறி வாங்கும் தள்ளுவண்டியில் உட்கார வைத்தாள். அவனுக்கு அது தேர் மாதிரி இருந்தது.

மண்டபத்தில் நிறுவனர் 'தாய்மை' என்ற இடத்தைத் தாண்டிவிட்டிருந்தார். "இந்த நிறுவனத்தை நான் கட்டி எழுப்பியபோது" என்று அவர் சொல்லவும், கதவு திறந்து கயிறு உள்ளே வரவும் சரியாக இருந்தது. முதல் முடிச்சைப் பிடித்திருந்த வங்கிக்காரியின் மகள் முன்வரிசையைப் பார்த்து நின்றாள்.

"அம்மா, உன் ஆபீஸ் இங்கயா இருக்கு?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. வங்கிக்காரி அழைப்பிதழால் முகத்தை விசிறிக்கொண்டாள். அவள் மேனேஜர் அந்த மண்டபத்தில் இல்லாதது அவள் அதிர்ஷ்டம்.

சித்தி அவசரப்படவில்லை. கயிறு அறுந்த மணிமாலை மாதிரி அவரவர் பிள்ளையை அவரவர் மடியில் சேர்த்துக்கொண்டே வந்தாள். வக்கீலின் வெள்ளைச் சட்டையில் அவர் மகன் மூக்கைத் துடைத்தான். மேடம் பதறி எழுந்து, இதுவும் ஒரு நல்ல காட்சி என்று சமாளித்து, தாயுள்ளம் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று மைக்கை அவள் கையில் கொடுத்தார்.

சித்தி பேசினாள். மேடைப் பேச்சில்லை, வேலையைக் கைமாற்றும்போது சொல்லிவிட்டுப் போவார்களே, அந்தப் பேச்சு.

"குண்டுப் பயலுக்கு மூணு நாளா வயிறு சரியில்ல, கொஞ்சம் கொஞ்சமா ஊட்டுங்க. வக்கீல் சார், உங்க பையன் தூங்கறப்ப மூச்சு இழுக்கறான், டாக்டர்ட்ட காட்டுங்கன்னு ரெண்டு வாட்டி சொன்னேன், இப்ப மூணாவது வாட்டி. மத்ததுங்களுக்குப் பசிச்சா அதுங்களே சொல்லும். நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

நிறுவனர் அருகில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "மானத்தை வாங்கறியே. நாளைக்கு வீட்டுக்குப் புள்ளைங்க வந்தா யாரு பாக்கறது?"

"நீங்கதானே கட்டி எழுப்பினீங்க" என்றாள் சித்தி. அதை மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னாள். வேண்டுமென்றா, தெரியாமலா என்று தெருவில் இன்னும் தீரவில்லை.

அவள் போன பிறகு விழா கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. வாழ்த்துரைகள் அழுகைக்கு நடுவே கரைந்தன. மேடம் மட்டும் விடாமல் பேசி முடித்தார்: இப்படிப்பட்ட பெண்களுக்குப் பொறுமையை வளர்க்கும் பயிற்சி இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் தையலோடு போயிருக்காது என்று டாக்டர் திட்டினார், எதற்கு இவ்வளவு தள்ளிப்போட்டாய் என்று. சித்தி மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பகலில் மல்லாந்து படுத்து எத்தனை வருஷமாயிற்று என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. நிறுவனர் ஒரே ஒரு தடவை வந்தார். வீட்டில் தன் மாற்றுத் துணி எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் வங்கிக்காரி பழங்களோடு வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் பேருந்து நிலையத்தில் கூட்டுகிறவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வங்கிக்காரி அவளைப் பார்த்தும் பார்க்காதவளாக மறுபக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மண்டபத்தில் நடந்ததை யாருமே மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்று பெரிய மனதோடு ஆரம்பித்தாள்.

"ஆனா எங்க நெலமையும் பாக்கணும்ல சித்தி. சொல்லாம கொள்ளாம விட்டுட்டா நாங்க என்ன பண்றது? அதான், பின்தெருவுல ஒரு பொண்ணு கெடைச்சிருக்கா. தங்கமானவ. வாயே தொறக்கமாட்டா."

"அவளுக்கு உடம்புக்கு முடியலன்னா?"

"சேச்சே, சின்ன வயசு. திடமா இருக்கா."

சித்தி மெல்லச் சிரித்தாள். தையல் இழுத்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"அவ வீடு எதுன்னு சொல்லுங்க. நடக்க ஆரம்பிச்சதும் போய்ப் பாக்கணும்."

"எதுக்கு சித்தி? சண்டைக்கா?"

"சண்டை எதுக்கும்மா? ரெண்டு பேரா சேந்து பாத்தா, ஒருத்தி படுக்கலாம்ல."

வங்கிக்காரி பழப் பையை மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள். வீடு சரியாக ஞாபகமில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். காலையில்தான் மகளை அங்கே விட்டுவிட்டு வந்திருந்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அவள் செருப்புச் சத்தம் மாடிப்படியில் இறங்கித் தேயும்வரை கால்மாட்டில் இருந்தவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்:

"அந்தப் பொண்ணு வீட்டுக்கு அடுத்த வீடுதான் எங்கது. நீ எந்திரிச்சு நட சித்தி, நான் கூட்டிட்டுப் போறேன்."