கோல் ஒடிந்த இடம்

மூங்கிலைப் பிளக்கும்போது துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம் வரும். பழகாதவர் யாராவது பட்டறை வாசலில் நின்றிருந்தால் ஓரடி பின்வாங்கிவிடுவார். அந்தச் சத்தத்துக்கு நடுவே இருபத்தாறு வருடம் வாழ்ந்தவர் நூலளவு. அதனாலோ என்னவோ, சன்னமான சத்தம் எதுவும் மனிதருக்குக் காதில் விழாமல் போயிற்று.

நூலளவு என்பது பட்டப்பெயர். கதவு ஒரு நூல் இறங்கியிருக்கிறது என்பார், கடிகாரம் ஒரு நூல் சாய்ந்திருக்கிறது என்பார். "கல்யாண போட்டோல நான் ஒரு நூல் சாஞ்சு நிக்கறேன்னு சொன்ன மனுஷன்" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவளும் அதே பட்டறையில்தான் கோல்களுக்குப் பட்டுநூல் சுற்றுகிறாள். இப்படி எல்லாவற்றையும் அளந்த மனிதர் சொந்தத் தங்கை விஷயத்தில் மட்டும் கண்ணை விற்றுவிட்டு உட்கார்ந்திருந்தார். இதைச் சொல்லும்போது எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் செய்வது டிரவுட் மீன் பிடிக்கும் கோல். இறகையும் நூலையும் சேர்த்துக் கட்டிய பொய் ஈ ஒன்றை ஓடும் தண்ணீர்மேல் அலுங்காமல் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஈக்குக் கனமே கிடையாது. கோல் பின்னால் வளைந்து முன்னால் நிமிர்கிற வேகத்தில்தான் அது போய்ச் சேரும். மூங்கிலைச் சிம்பு சிம்பாகப் பிளந்து, ஒவ்வொரு சிம்பையும் முக்கோணமாக இழைத்து, ஆறு சிம்புகளைச் சேர்த்து ஒட்டினால் ஆறு பட்டையாக ஒரு கோல். அடியிலிருந்து நுனிவரை எந்த இடத்தில் எவ்வளவு மெலிய வேண்டும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மெலிவு கொஞ்சம் மாறினால் கோலின் குணமே மாறிவிடும். அந்த மெலிவைக் கணக்குப் போடுவதில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்ற கர்வம் அவருக்கு நிறையவே உண்டு.

தங்கையின் கணவனுக்குக் கல்யாணப் பரிசாக ஏழரை அடிக் கோல் ஒன்று செய்து கொடுத்தார். மாப்பிள்ளை மரக்கிடங்கு வைத்திருந்தான். மூக்குக்கு மேல் கோபம். லாரியைப் பின்னால் எடுக்கத் தெரியாத டிரைவரைக் கிடங்கு வாசலில் வைத்தே அறைவான். பத்து நிமிஷம் கழித்து அதே டிரைவரின் தோளில் கை போட்டுக்கொண்டு சிரிப்பான். "மனசுல ஒண்ணும் வெச்சுக்கமாட்டார்" என்று ஊர் அதற்கும் ஒரு பாராட்டு வைத்திருந்தது. மனசில் இருப்பது முழுவதும் கை வழியாக வெளியே போய்விட்டால் அப்புறம் வைத்துக்கொள்ள என்ன மிச்சமிருக்கும்?

எட்டாவது மாதம் கோல் ஒடிந்து வந்தது.

"பெரிய மீன் மச்சான். விடலையே நானு" என்றான்.

நூலளவு ஒடிந்த இடத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். மீன் இழுத்து ஒடிந்த மூங்கில் விளக்குமாறு மாதிரி நீளநீளமாக நார் கிளம்பி நிற்கும். இது கேரட்டை ஒடித்ததுபோல மொட்டையாக ஒடிந்திருந்தது. அதற்கு அவர் சொந்தமாக ஒரு காரணம் கண்டுபிடித்தார். சிம்புகளை ஒட்டுவதற்கு முன்னால் அடுப்பில் வைத்துச் சூடேற்றுவது வழக்கம். அதில் ஐந்து நிமிஷம் கூடிப்போனால் மூங்கில் மொறுமொறுத்து இப்படித்தான் ஒடியும். தப்பு தன் அடுப்பில் என்று முடிவு கட்டினார். மானம் போய்விட்டதாக இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சூட்டைக் குறைத்து, அடியைக் கொஞ்சம் பருமனாக்கிப் புதுக் கோல் கொடுத்தார்.

அந்த வாரம் தங்கை வலது கையில் கட்டோடு வந்தாள். மாடிப்படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னாள்.

"அந்த வீட்ல ஏதுங்க மாடி?" என்று அவள் போனபிறகு மனைவி கேட்டாள்.

"பக்கத்து வீட்டு மாடியா இருக்கும்" என்றார் நூலளவு, இழைப்புளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டாவது கோல் ஆறு மாதம் தாங்கியது. அதுவும் மொட்டையாகவே ஒடிந்தது. மறுபடி கணக்குப் போட்டார், மறுபடி பருமனாக்கினார். மூன்றாவது கோல் ஒரு வருடம் ஓடியது. தங்கை வருவது குறைந்துவிட்டது. வந்தாலும் கழுத்துவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை, வெயில் கொளுத்தும்போதும் அதேதான். உட்காரச் சொன்னால் முதுகை நாற்காலியில் சாய்க்கமாட்டாள்.

மூன்றாவது கோலும் ஒடிந்து வந்தபோது அதைப் பார்த்தது மனைவிதான். பிளவுக்குள் சிக்கியிருந்த நீல இழை ஒன்றை ஊசிமுனையால் மெல்ல இழுத்து எடுத்தாள்.

"இது என் பட்டுநூல் இல்லைங்க. சட்டைத் துணி."

"ஆத்தோரத்துல எதுலயாவது மாட்டியிருக்கும்."

"மீன் சட்டை போட்டுக்கிட்டா திரியுது?"

அவர் அதற்குள் புதிதாக மூன்று கோல் செய்யும் யோசனையில் இருந்தார். மூன்றுக்கும் மூன்று விதமான மெலிவு. மாப்பிள்ளையே வந்து வீசிப் பார்த்து, கைக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும். ஒடிகிற வழக்குக்கு ஒரேயடியாக முற்றுப்புள்ளி வைத்துவிடலாம்.

"அவரு வர்றப்ப உங்க தங்கச்சியும் கூட வரணும்னு சொல்லுங்க" என்றாள் மனைவி. இதையும் மறுத்தால் வீடு இரண்டுபடும் என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. அவர் அப்படியே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு இருவரும் வந்தார்கள். மாப்பிள்ளை வேனைப் பட்டறை வாசலில் குறுக்காக நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். தங்கை கதவோரமாகவே நின்றுகொண்டாள். அண்ணி கையைப் பிடித்து உள்ளே இழுத்தபோது "ஸ்" என்று மூச்சை இழுத்துக்கொண்டாள். அண்ணி கையை விட்டுவிட்டாள்.

மூன்று கோல்களும் நீளமேசையில் கிடந்தன. அவற்றை ஒட்டி, விளிம்போரத்தில், இரும்பு அச்சு இருந்தது. சிம்பை அதன் பள்ளத்தில் வைத்துத்தான் இழைப்பார்கள். ஐந்தடி நீளத்துக்கு இரண்டு எஃகுப் பாளங்கள் சேர்ந்த அதைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும்.

நூலளவு பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணின் அப்பா பேசுவதுபோலப் பேசினார். "இது முதல் கோல், மாப்ள. பிடி வரைக்கும் வளையும், பூ மாதிரி. சின்ன ஓடைக்குத்தான் சரி. இது நடுத்தரம். இந்த மூணாவது இருக்கே, அடி நல்லா பருமன், வளைவெல்லாம் நுனியிலதான். இது ஒடிஞ்சா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்."

மாப்பிள்ளை மூன்றாவதை எடுத்தான். நூலும் இல்லாமல் ஈயும் இல்லாமல் பட்டறைக்குள்ளேயே ஒரு வீச்சு வீசினான். காற்று கிழிந்தது.

கதவோரம் நின்ற தங்கை சடாரென்று குனிந்து இரண்டு கைகளாலும் பிடரியைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் கோலுக்கும் நடுவே பத்தடி இருந்தது.

மாப்பிள்ளை மட்டும் வாய்விட்டுச் சிரித்தான். "பாத்தீங்களா மச்சான், உங்க வேலைக்கு எவ்ளோ மரியாதைன்னு! இங்க வாடி. நீயே ஒண்ணு எடு. மகாராணி எடுத்துக் குடுத்தா நான் வேணாம்னா சொல்லப்போறேன்?"

அவள் வந்தாள். ஒவ்வொரு கோலாக நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி, எவ்வளவு வளைகிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்த்தாள். அவன் கையிலிருந்த மூன்றாவதையும் விட்டுவைக்கவில்லை. வருடக்கணக்காகக் கோல் வாங்குகிற வாடிக்கையாளருக்குக்கூட இந்தப் பக்குவம் வராது. கடைசியில் முதல் கோலை எடுத்து நீட்டினாள்.

"இது."

நூலளவுக்குச் சிரிப்பு வந்தது. பாவி மனுஷன், அப்போதும் தொழில்தான் பேசினார். "அது மாப்ள கைக்குத் தாங்காதும்மா. நாலு வீச்சுல போயிடும்."

"அதுக்குத்தாண்ணே எடுத்தேன்" என்றாள் அவள். குரலில் அழுகை இல்லை, குற்றம் சொல்கிற தொனிகூட இல்லை. "நீங்க ஒவ்வொரு தடவையும் கெட்டியாக்கி கெட்டியாக்கி அனுப்புறீங்க. இந்த மொதக் கோலு ரெண்டு அடி அடிச்சாலே ஒடிஞ்சிடும். அதோட விட்ருவாரு."

அவருக்கு உடனே உறைக்கவில்லை. அப்புறம் எல்லாம் ஒரேயடியாக உறைத்தது. மீன் இழுத்தால் கோல், தூண்டில் நூல் ஓடுகிற வளையங்கள் இருக்கிற பக்கமாகத்தான் வளைந்து ஒடியும். மூன்று கோலும் பக்கவாட்டில் ஒடிந்திருந்தன. மூன்றிலும் ஒரு பட்டையில் மூங்கிலின் தோல் நசுங்கியிருந்தது. எதன்மேலோ ஓங்கி அடித்தால் நசுங்குவதுபோல. கட்டில் சட்டமோ, கதவு நிலையோ, குறி தப்பிய அடி. கண்ணால் பார்த்துவிட்டு அடுப்பின்மேல் பழி போட்டார். குறி தப்பாத அடிகள் எங்கே விழுந்தன என்று இப்போதுதான் கேட்டுக்கொண்டார். இரண்டு வருடத்துக்கு மேலாக, தன் தங்கையை அடிக்கிற கோலை ஒடியாமல் பார்த்துக்கொள்ள ராவும் பகலும் கணக்குப் போட்டிருக்கிறார்.

"வண்டியில ஏறு" என்றான் மாப்பிள்ளை. இப்போது சிரிப்பு இல்லை.

அவள் வாசலைப் பார்த்து இரண்டு எட்டு வைத்துவிட்டாள். பழக்கம் அப்படி. நூலளவு பாய்ந்து போய் வாசலை மறித்து நின்றார்.

"அவ வரமாட்டா."

"வழி விடுங்க மச்சான். இது புருஷன் பொண்டாட்டி சமாசாரம்."

"மச்சானா? வாய ஒடச்சிருவேன். அவ வரமாட்டாடா."

அவன் கையிலேயே இருந்த கெட்டிக் கோலின் முதல் வீச்சு கன்னத்தில் விழுந்தது. வலி வருவதற்கு முன்னால் சத்தம் வந்தது. இரண்டாவது காதில், மூன்றாவது கழுத்தில். கன்னம் பிளந்து ரத்தம் சட்டைக்குள் ஓடியது. கையைத் தூக்கினார், விரல் முட்டிகளில் விழுந்தது. ஆறாவதோ ஏழாவதோ விழுந்தபோது அவருக்கு ஒன்று புரிந்தது. கோல் ஒடியவில்லை. ஒவ்வோர் அடிக்கும் நன்றாக வளைந்து, முழு வேகத்தையும் நுனிக்குக் கொண்டுவந்து, சட்டென்று நிமிர்ந்து அடுத்த அடிக்குத் தயாராக நின்றது. அப்படித்தான் அதைச் செய்திருந்தார். ஏழு அடிக்கே தனக்கு இப்படி இருக்கிறதே, இவள் எத்தனை வாங்கினாள் என்று நினைத்தபோது அவருக்குக் கண் இருண்டது.

தலையைக் குனிந்துகொண்டு மாடு முட்டுவதுபோல அவன் வயிற்றில் மோதினார். இரண்டு பேரும் மேசையில் போய் விழுந்தார்கள். பசைச் சட்டி கவிழ்ந்தது. அவன் அவர் தலைமுடியைப் பிடித்து மேசை விளிம்பில் ஒருமுறை மோதினான், பல் ஒன்று தெறித்தது. இரண்டாவது முறை மோத இழுத்தபோது அவர் கைக்கு இரும்பு அச்சு தட்டுப்பட்டது. தூக்க முடியாது என்று தெரியும். விளிம்புக்கு வெளியே தள்ள முடியும். தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

அச்சு அவன் வலது பாதத்தில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் பச்சை மூங்கில் பிளந்த சத்தம்போலவே இருந்தது. அவன் அலறிக்கொண்டு தரையில் சரிந்தான். ஷூவின் தையல் வழியாக ரத்தம் கசிந்தது. அச்சுக்கு அடியிலிருந்து காலை உருவ முடியாமல், இருக்கிற கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் பெண்டாட்டி பேரில் கொட்டினான். கை தளர்ந்து கோல் உருண்டது.

தங்கை குனிந்து அதை எடுத்தாள். போனில் போலீசுக்குப் பேசிக்கொண்டிருந்த அண்ணி பாதியில் நிறுத்தினாள். அவன் திட்டும் நின்றது. தங்கை கோலைப் பிடித்த விதத்தில், ஓங்கத்தான் போகிறாள் என்று மூன்று பேருக்கும் தோன்றியது. ஓங்கியிருந்தால் தடுக்க அங்கே ஆளும் இல்லை, மனசும் இல்லை.

"அம்மா தாயே, வேணாம்..." என்றான் அவன்.

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவனைச் சுற்றிக்கொண்டு வந்து, சுவரில் சாய்ந்து ரத்தம் துப்பிக்கொண்டிருந்த அண்ணனிடம் கோலை நீட்டினாள்.

"ஒடிங்கண்ணே."

நூலளவு கோலை வாங்கி முழங்காலில் வைத்து அழுத்தினார். வளைந்தது. கையை எடுத்ததும் நிமிர்ந்தது. மறுபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, முழு உடம்பையும் கொடுத்து அழுத்தினார். வில்லாக வளைந்து கையை உதறிவிட்டு நிமிர்ந்தது. மேசைக்காலில் ஓங்கி அடித்தார். அது துள்ளித் திரும்பி அவர் மணிக்கட்டையே கீறியது. தரையில் போட்டு மிதித்தார். காலை எடுத்ததும் நேராகக் கிடந்தது. அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து, கோலை மடியில் போட்டுக்கொண்டு, ரத்தமும் சளியும் ஒழுக ஓவென்று அழுதார்.

தங்கை அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாசலில் குறுக்கே நின்ற வேனை அவள் பார்க்கவில்லை.

"விடுங்கண்ணே. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றாள்.