கடைக்குள் மட்டும் பேசிய மொழி

சௌராஷ்டிர மொழியை அரசு அங்கீகரிக்க வேண்டும், பள்ளியில் சொல்லித்தர வேண்டும் என்று சங்கத்தார் மனு எழுதினார்கள். சேலத்து உறவுக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று, கோவர்த்தனன் ஒருவரைத் தவிர.

அவருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளிக்கடை. வாடிக்கையாளரிடம் தமிழில் சிரித்துக்கொண்டே, "இவரிடம் இன்னும் ஏற்றிச் சொல்லலாம்" என்று மனைவி சுலோசனாவிடம் தாய்மொழியில் சொல்வதுதான் அவருடைய தொழில் நுணுக்கம். அதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கச் சொல்லி மனுப் போடுவதா? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்ள அவர் என்ன பைத்தியமா!

சுலோசனாவின் கவலை வேறு. பேரப்பிள்ளைகள் எதைக் கேட்டாலும் தமிழில்தான் பதில் சொல்கிறார்கள். சாயங்காலம் சங்கத்தார் மனுவை வாங்க வருகிறார்கள் என்பதால், கல்லாவின் மேல் அதை மறுபடியும் விரித்து வைத்தாள். எதிரே பழைய வாடிக்கையாளர், திருச்செங்கோட்டுச் சென்னியப்பன், வேட்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட மாட்டேன். எல்லோருக்கும் புரிந்துவிட்டால் இந்த ஆள் முன்னால் நாம் எப்படி விலை பேசுவது?" என்றார் கோவர்த்தனன், தாய்மொழியில்தான்.

சென்னியப்பன் வேட்டிக் கரையைத் தடவியபடியே, "எனக்குப் புரிஞ்சு பல வருசமாச்சுங்களே" என்றார்.

கோவர்த்தனன் திருதிருவென்று விழித்தார். கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த பூனையின் கதைதான்.

"இத்தன வருசம் காதுல உளுந்தா புரியாமப் போகுமுங்களா, மொதலாளி? நீங்க ஏத்தச் சொன்னா நான் எந்திரிச்சுப் போறாப்பல பாவன பண்ணுவேன். உடனே எறங்கிருவீங்க."

"அட, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"எங்கப்பாரு செத்தப்ப கோடித்துணி எடுக்க வந்தனுங்க. 'அழுத கண்ணோட வந்திருக்காரு, லாபம் வெக்காத, விட்டுக்குடுத்தது தெரிஞ்சா சங்கடப்படுவாரு'ன்னு இந்த அம்மாகிட்ட உங்க பாசையில சொன்னீங்க. அதுக்கப்புறம் நான் வேற கடைப்படி ஏறலீங்க. புரியும்னு சொல்லியிருந்தா, எம்முன்னால அப்படிப் பேசியிருப்பீங்களா?"

கோவர்த்தனனுக்கு அது நினைவிலேயே இல்லை. ஏற்றிச் சொன்னதெல்லாம் நினைவிருந்தது. வெட்கமாகவும் இருந்தது, மனம் நிறைந்தும் இருந்தது. சுலோசனாவின் கையிலிருந்த பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு சென்னியப்பனைப் பார்த்து, வெளியாள் எவரிடமும் அதுவரை பேசியிராத தன் மொழியில், "உட்காருங்கள், டீ சொல்கிறேன்" என்றார்.

"சக்கர போடாமச் சொல்லுங்க" என்று சென்னியப்பன் உட்கார்ந்தார்.