இணையான தகுதி

சுரேந்திரன் புது வேலைக்குக் கிளம்பிய முதல் நாள் காலையில் உதயாதான் அவனுக்கு எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள். போன மாதம் வரை அந்த டிபன் பாக்ஸ் அவளுடையது. அவன் போகப்போகிற பள்ளிக்கூடமும் அவளுடையது. பந்துகளும் கிழிந்த வலைகளும் சுண்ணாம்பு மூட்டைகளும் அடைந்து கிடக்கும் அந்த மூலை அறையில், ஜன்னலோரமாகப் போட்டிருந்த நாற்காலியும் அவள் வெயில் படாத இடம் பார்த்துப் போட்டதுதான்.

பேச்சியம்மா மகனின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு மருமகளைப் பார்த்தாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

"வேலை ஒரே வீட்டுக்குள்ளதான தாயி இருக்கு. ஊரான் வீட்டுக்கா போயிருச்சு?"

உதயா தலையை ஆட்டினாள். டிபன் பாக்ஸின் மூடி சரியாக உட்காரவில்லை. அழுத்தி அழுத்திப் பார்த்தாள். சுரேந்திரன் வந்து அவள் கையிலிருந்து வாங்கித் தானே மூடிக்கொண்டான்.

அந்த வாரம் தீவில் அவர்கள் ஊரான ரங்கத்தின் பஜாரில் அவளைப் பார்த்தவர்கள் எல்லோரும் அதையேதான் வேறு வேறு மொழியில் சொன்னார்கள். மீன் விற்கும் பெங்காலி, "கர் மே ஹீ ரஹா நா, மேடம்", வீட்டிலேயேதானே இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டார். தையல் கடைத் தெலுங்குக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் நிம்மதியாக வீட்டில் இருக்கலாமே என்றாள். பெண்டாட்டியின் வேலை போய்ப் புருஷனுக்குக் கிடைத்தால் அது நஷ்டத்தில் சேராது என்பதில் தீவு முழுவதற்கும் ஒரே கருத்து. இதுவே மாறி நடந்திருந்தால், அவன் வேலை பறிபோய் அவளுக்குக் கிடைத்திருந்தால், இதே வாய்கள் என்ன சொல்லியிருக்கும் என்று மீன் பையோடு நடக்கும்போது நினைத்துக்கொண்டாள்.

உதயா தெற்கே கச்சால் தீவில் பிறந்தவள். அவள் அப்பா நாகலிங்கத்தை இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து இரு நாட்டு ஒப்பந்தப்படி அனுப்பி, கச்சாலில் ரப்பர் பால் வெட்டக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பிளஸ் டூ முடித்ததும் அவள் கப்பலேறி மெயின்லேண்டுக்குப் போய் ஒரு கல்லூரியில் பி.பி.இ. சேர்ந்தாள். மூன்று வருடப் பட்டப்படிப்பு. எலும்பும் தசையும் பற்றிய பாடம், விளையாட்டு விதிகள், விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் மைதானம். உடற்கல்வியைத் தவிர வேறெதுவும் அதில் கிடையாது. இரண்டாம் வருட டிசம்பர் விடுமுறைக்கு அவள் ஊருக்குப் போயிருக்க வேண்டும். பல்கலைக்கழக ஓட்டப் போட்டிக்குப் பயிற்சி இருக்கிறது என்று நிறுத்திக்கொண்டார்கள். அந்த விடுமுறையில்தான் கடல் கச்சாலுக்குள் வந்தது. அப்பா, அம்மா, தம்பி என்று ஒருவருடைய உடம்பும் கிடைக்கவில்லை. அந்தப் படிப்பு இல்லையென்றால் அவளும் இல்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் படிப்பு ஒரு தகுதியே ஆகாது என்று தீர்ப்பாயத்தில் சொல்லும் நாள் வரை சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை.

சுரேந்திரனின் வழி வேறு. அவன் அப்பா ராமநாதபுரத்திலிருந்து தீவுக்கு ரோடு வேலைக்கு வந்து இங்கேயே தங்கியவர். சுரேந்திரன் தபால் வழியில் பி.ஏ. வரலாறு முடித்து, மெயின்லேண்டில் ஒரு வருடம் பி.பி.எட். என்ற உடற்கல்வி ஆசிரியர் படிப்பைப் படித்துவிட்டுத் திரும்பியிருந்தான். நல்ல வாலிபால் ஆட்டக்காரன். சுனாமிக்குப் பிறகு வீடுகள் கட்டிய ஒரு காண்டிராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்தான். உதயா அப்போது ரங்கத் பள்ளியில் ஒப்பந்த உடற்கல்வி ஆசிரியை. மைதானத்தில் வலை கட்ட உதவ வந்தவன், பிறகு காரணமில்லாமலும் வந்தான். கல்யாணம் ஆகி சில வருடம் கழித்து நிரந்தர வேலைக்கு அறிவிப்பு வந்தபோது இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் விண்ணப்பம் எழுதினார்கள். அவளுக்குக் கிடைத்தது. அவன் பெயர் காத்திருப்போர் வரிசையில் நின்றது. அன்று அவன் பஜாரிலிருந்து ஜிலேபி வாங்கி வந்து தெருவெல்லாம் கொடுத்தான். முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லை. அதையும் அவளால் மறக்க முடியவில்லை.

வழக்குப் போட்டவன் வடக்குக் கோடியில் திக்லிபூர்க்காரன் ஒருவன். காத்திருப்போர் வரிசையில் சுரேந்திரனுக்குக் கீழே இருந்தவன். ஒரு பட்டமும் அதற்குமேல் பி.பி.எட்.டும், அல்லது இணையான தகுதியும் வேண்டும் என்பது விதி. பி.பி.இ. என்பது பி.பி.எட். ஆகாது, பி.பி.இ. படித்து வேலைக்கு வந்த அத்தனை பேரையும் நீக்க வேண்டும் என்றான். நேர்முகத் தேர்வில் அவள் படிப்பை இணையானது என்று ஏற்றுக்கொண்ட அதே அலுவலகம், தீர்ப்பாயத்தில் அப்படியொரு ஆணை தங்களிடம் இல்லை என்று கையை விரித்தது. படிக்க வைத்த பல்கலைக்கழகம், பள்ளியில் சொல்லிக்கொடுக்க இது போதும் என்று எழுதிக் கொடுத்ததும் எடுபடவில்லை. அது அவர்கள் மாநிலத்துப் பேச்சு, தீவின் விதி தீவின் விதி என்று சொல்லித் தீர்ப்பாயம் அத்தனை பேரையும் நீக்கச் சொன்னது. மறுபடி போய் பி.பி.எட். படித்து வரலாம்தான். படித்து வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும்.

நீக்கியவர்களின் இடங்களுக்கு வரிசையில் அடுத்திருந்தவர்களை அழைத்தார்கள். போர்ட் பிளேருக்குப் போய் ஆர்டர் வாங்கி வந்த சுரேந்திரன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். எந்தப் பள்ளி என்று அவள்தான் கேட்டாள். அவன் சொன்னான்.

"வேற ஸ்கூல் கேட்டிருக்கலாம்ல?"

"வேற இருந்தது திக்லிபூர்தான் உதயா. நீ இங்க, நான் அங்கன்னு கெடக்கவா?"

"வேணாம்னு சொல்லிருக்கலாம்."

"சொன்னா உனக்கா குடுப்பான்? எனக்கு அடுத்தவனுக்குக் குடுப்பான். நான் கேஸ் போடல. யாருகிட்டயும் போயி நிக்கல. என் பேரு அங்க இருந்துச்சு, கூப்புட்டான்."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு தப்பாவது இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள்.

பள்ளியில் பெண்களின் கோ-கோ அணியை அவள் ஒன்றுமில்லாததிலிருந்து வளர்த்திருந்தாள். தீவு முழுவதற்குமான போட்டிக்கு அந்த அணி முதன்முறையாகத் தேர்வாகியிருந்த நேரம் அது. சுரேந்திரனுக்கு வாலிபால் தெரிந்த அளவுக்குக் கோ-கோ தெரியாது. அவன் அதை மறைக்கவும் இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது, சாயங்காலம் வந்து பிள்ளைகளைக் கொஞ்சம் பாரேன் என்று கேட்டான். போகக்கூடாது என்று நினைத்தாள். மறுநாள் சாயங்காலம் கால் தானாக நடந்தது. பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு தினமும் போனாள். யாரும் தடுக்கவில்லை, யாரும் சம்பளமும் பேசவில்லை. பேச்சியம்மா மட்டும், புருஷன் வேலையைப் பெண்டாட்டி பார்த்துக் கொடுப்பது பெரிய விஷயம் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னாள்.

போட்டி போர்ட் பிளேரில். உதயா தன் செலவில் போய் அங்கே குட்வில் எஸ்டேட் என்ற பகுதியில் சித்தி தமிழரசி வீட்டில் தங்கினாள். மைதானத்துக்குள் அடையாள அட்டை உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி. கேட்டில் நின்ற ஆள் அவளை ஏற இறங்கப் பார்த்து, "ஆப் கோன்?" என்றான். நீங்கள் யார் என்று அவன் கேட்டதும் உதயா திரும்பி நடந்தாள். பெற்றோர்களோடு கம்பி வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

கோ-கோவில் ஓடுகிற அணி மூன்று மூன்று பேராகத்தான் உள்ளே இறங்கும். எந்த மூவரை முதலில் இறக்குவது என்பதில்தான் பாதி ஆட்டம். முதல் ஆட்டத்திலிருந்தே சுரேந்திரன் ஒவ்வொரு இடைவேளையிலும் வேலிப் பக்கம் திரும்பினான். அவள் விரலால் காட்டினாள். அவன் அப்படியே செய்தான். அணி ஜெயித்துக்கொண்டே போனது. அரையிறுதி முடிந்ததும் அலுவலர் ஒருவர் சுரேந்திரனின் தோளில் தட்டி, இத்தனை வருடம் எங்கேயிருந்தீர்கள் என்று கேட்டார். வேலியோரம் வரை கேட்டது. சுரேந்திரன் சிரித்தான். அவ்வளவுதான்.

அதே அரையிறுதியில், அணியிலேயே வேகமான மீனா கம்பத்தைச் சுற்றும்போது கணுக்காலை மடக்கிவிட்டதை உதயா பார்த்திருந்தாள். மற்ற யாரும் கவனிக்கவில்லை. மீனா வலியை விழுங்கிக்கொண்டு சாதாரணமாக நடந்தாள். மாற்று ஆளாக உட்கார்ந்தால் இறுதி ஆட்டம் போய்விடும் என்ற பயம்.

இறுதி ஆட்டத்தில் கடைசி முறை ஓட வேண்டியது ரங்கத் அணி. ஒன்றிரண்டு புள்ளிதான் வித்தியாசம். சுரேந்திரன் வேலிப் பக்கம் திரும்பினான். மீனாவைக் கடைசி மூவரில் வைக்க வேண்டும், முடிந்தால் உட்கார வைக்க வேண்டும். ஒரு விரல் அசைவு போதும். உதயா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். ஏன் கட்டினோம் என்று அந்த நேரத்தில் அவளுக்கே தெரியாது. அவன் புருவத்தை உயர்த்தினான். கழுத்தை நீட்டி இன்னொரு முறை பார்த்தான். அவள் அவனை நேராகப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். நடுவர் விசில் ஊதினார். வேகமான பிள்ளை என்ற கணக்கில் சுரேந்திரன் மீனாவை முதலில் இறக்கினான்.

மூன்றாவது திருப்பத்தில் மீனா விழுந்தாள். எழுந்து நொண்டியபடி ஓடப் பார்த்தாள். துரத்தி வந்த பெண் அவள் முதுகில் மெதுவாகத்தான் தொட்டாள். பிறகு மற்றவர்களும் சீக்கிரமே பிடிபட்டார்கள், ரங்கத் அணி தோற்றது.

ஆட்டம் முடிந்து மீனாவைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள். கணுக்கால் வீங்கி ஒரு பக்கம் கறுத்திருந்தது. உதயாவைக் கண்டதும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் கேட்டாள்.

"மேடம், நீங்க ஏன் கையக் காட்டல? சார் உங்களத்தான் பாத்துக்கிட்டே இருந்தாரு."

உதயா கீழே உட்கார்ந்தாள். பிள்ளையின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வேலியோரத்து ஐஸ்காரனிடம் கட்டி வாங்கித் துணியில் சுற்றி ஒற்றிக்கொண்டிருந்தாள். சுரேந்திரன் சற்றுத் தள்ளி நின்றான். ஏன் கையைக் காட்டவில்லை என்று அவன் கேட்காததிலிருந்து அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள். யாரோ செய்த அநியாயத்தை வாங்கி இவ்வளவு நாளும் உள்ளே வைத்திருந்தோம், அதைக் கடைசியில் இந்தப் பிள்ளையின் காலில் போய்க் கொட்டிவிட்டோம் என்று நினைத்தபடியே துணியைப் பிழிந்து மறுபடி சுற்றினாள்.

மறுநாள் அவன் பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு ரங்கத் திரும்பினான். தனக்கு ஒரு வேலை இருக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்றாள் உதயா. சித்தியிடம் விசாரித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தாள். வக்கீல் நடுத்தர வயதுப் பெங்காலி அம்மாள். வழக்கு விவரத்தைப் பொறுமையாகக் கேட்டார். மேல்முறையீடு செய்யலாம், 'இணையான' என்ற ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிற வழக்கு, ஜெயிக்கும் என்றும் சொல்ல முடியாது, தோற்கும் என்றும் சொல்ல முடியாது என்றார் ஹிந்தியில். ஆனால் அவள் இடத்துக்கு இப்போது யார் வந்திருக்கிறாரோ, அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தே ஆக வேண்டும். சேர்க்காமல் விட்டால் மனு நிற்காது.

சேருங்கள் என்றாள் உதயா.

குமாஸ்தா பழனியாண்டி தமிழர். தட்டச்சு செய்துகொண்டே எதிர்மனுதாரரின் பெயரும் முகவரியும் கேட்டார். சொன்னாள். பிறகு மனுதாரர் முகவரி கேட்டார். அதையே சொன்னாள். அவர் தட்டுவதை நிறுத்தினார்.

"தப்பா சொல்றீங்கம்மா. உங்க அட்ரஸ் கேட்டேன்."

"தப்பில்லண்ணே. ரெண்டு பேருக்கும் அதான்."

பழனியாண்டி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உதயாவைப் பார்த்தார். எத்தனையோ பேருக்கு எத்தனையோ மனு போட்டவர், கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, நோட்டீஸ் தபாலில்தான் வரும், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டார். நான்தான் இருப்பேன், நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள் உதயா. அதைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த அறையில் அவளைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் பஸ் காட்டைத் தாண்டி, இரண்டு இடத்தில் படகில் ஏறி இறங்கி ரங்கத் வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. தூறிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் சுரேந்திரன் ஸ்கூட்டரோடு நின்றான். வரச் சொல்லி அவள் போன் செய்திருக்கவில்லை, வக்கீலைப் பார்த்ததைச் சித்திதான் சொல்லியிருக்க வேண்டும். அவள் பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டான். மீனாவுக்கு எலும்பு முறிவு இல்லை, கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றான். அவள் பின்னால் ஏறி, அவன் தோளைப் பிடிக்காமல், சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பஜார் முடிந்து பாக்குத் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் அவன் தலையைத் திருப்பாமல் கேட்டான்.

"கேஸ்ல என் பேரும் போட்டியா?"

"போடாம முடியாதாம்."

ஸ்கூட்டரின் வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவன் முதுகு மட்டும் சட்டைக்குள் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டதுபோல அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போகும் மண் ரோட்டின் ஏற்றம் வந்தது. மழையில் செம்மண் குழைந்து கிடந்தது. பாதி தூரத்தில் இருவரையும் சேர்த்து இழுக்க முடியாமல் ஸ்கூட்டர் முனகியது. அவன் சொல்வதற்கு முன்பே உதயா இறங்கிக்கொண்டாள். பாரம் குறைந்ததும் வண்டி சட்டென்று தாவி ஏறியது. மேட்டின் உச்சியில் போய் நின்று, இன்ஜினை அணைக்காமல், காலை ஊன்றிக்கொண்டு காத்திருந்தான். பின்விளக்கின் சிவப்பு தூறலில் கரைந்து அவள் கால்வரை வழிந்து வந்தது. உதயா குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வெறுங்காலை அழுத்திச் சேறு எவ்வளவு வழுக்குகிறது என்று ஒருமுறை பார்த்தாள். பிறகு ரோட்டின் நடுவில் அவன் சக்கரம் பதித்த தடத்தை விட்டுவிட்டு, ஓரத்துப் புல்லைப் பிடித்து ஏறத் தொடங்கினாள்.