பூனை மீசைக் கை

ரோனாவின் கை பூப்போல இருக்கும் என்று எல்லாருமே சொல்வார்கள். பல் மருத்துவம் நாலாம் ஆண்டு படிக்கிற பெண்ணுக்கு இதைவிட நல்ல பேர் வேறென்ன வேண்டும்? ஆனால் அந்தப் பூக்கைதான் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

குழந்தைகளின் ஈறு சோதனை சின்ன வேலைதான். நுனியில் குட்டிக் குண்டு வைத்த மெல்லிய கம்பியை ஆறு பல்லைச் சுற்றி ஈறோரமாக நடத்திக்கொண்டு போக வேண்டும். வீங்கிய ஈறு என்றால் ரத்தம் எட்டிப் பார்க்கும். ரொம்ப அழுத்தினால் வலிக்கும். அழுத்தவே இல்லையென்றால் ஈறு உண்மையைச் சொல்லாது. போன வருஷம் ஒரு குழந்தை அலறியதிலிருந்து ரோனா அழுத்துவதே இல்லை. இரண்டு முறை "ரத்தம் இல்லை" என்றாள். பின்னாலேயே ஆசிரியை மார்ஷா பார்த்தபோது ரத்தம் வந்தது. இன்றும் தவறினால் இந்த வருஷம் அவளைக் குழந்தைகளைத் தொட விடமாட்டார்கள்.

நாற்காலியில் பத்து வயதுச் சிறுமி மிரன். பக்கத்தில் அவள் அம்மா லோர்னா, நனைந்த கோட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் மார்ஷா கைகட்டி நின்றார்.

கம்பி மூன்றாம் பல்லுக்கு வந்ததும் மிரன் கையை ஆட்டி நிறுத்தினாள்.

"எப்ப ஆரம்பிப்பீங்க?"

"ஆரம்பிச்சுப் பாதி முடிஞ்சாச்சு, கண்ணு."

"ஒண்ணுமே தெரியலையே. எங்க வீட்டுப் பூனை மீசையால உரசுற மாதிரிதான் இருக்கு."

லோர்னா சிரித்தாள். "வாயாடி. நாலு மணி அபர்டீன் பஸ்ஸ விட்டோம்னா உனக்குத் திங்க மக்கரோனி பை கிடையாது, பாத்துக்க."

ரோனாவுக்குக் காது சிவந்தது. மார்ஷா ஓர் அடி முன்னால் வந்து கம்பியின் நுனியைப் பார்த்தார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மாணவர்கள் தங்கள் நகத்தில் கம்பியை வைத்து அழுத்திப் பழகுவார்கள். நகம் வெளுத்தால் அந்த அழுத்தம் போதும். ரோனா அழுத்தி அவள் நகம் ஒருநாளும் வெளுத்ததில்லை. இப்போது கையுறையைக் கழற்றினாள். சுத்தமான இன்னொரு கம்பியை மிரனிடம் கொடுத்துக் கட்டைவிரலை நீட்டினாள்.

"என் நகத்து மேல வச்சு மெதுவா அழுத்து. வெள்ளையானா நிறுத்திடு."

மிரன் நாக்கைத் துருத்திக்கொண்டு அழுத்தினாள். "வெள்ளையாயிருச்சு. வலிக்குதா?"

"இல்லையே." ரோனாவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அப்ப எனக்கும் இதே அளவு பண்ணுங்க. வலிச்சா கையத் தூக்குறேன்."

புதுக் கையுறை மாட்டி, முதல் பல்லிலிருந்து மறுபடி தொடங்கினாள். கீழ் முன்பல்லுக்கு வந்தபோது மிரனின் கை எழுந்தது. ரோனா கம்பியை நிறுத்தினாள். கை மூக்கைச் சொறிந்துவிட்டு இறங்கிக்கொண்டது. கம்பி நகர்ந்தது, அது போன வழியில் சிவப்பாக ஒரு புள்ளி. கடைவாயில் இன்னொன்று.

"ரெண்டு இடத்துல ரத்தம்" என்றாள் ரோனா, மார்ஷாவுக்குக் கேட்கும்படி.

லோர்னா எழுந்தேவிட்டாள். "குத்திட்டீங்களா?"

நேற்று வரை இருந்த ரோனா என்றால் மன்னிப்புக் கேட்டிருப்பாள். "குத்தலைங்க. ஈறு ஏற்கெனவே வீங்கியிருக்கு. அங்க பிரஷ் போறதில்லன்னு நெனைக்கிறேன்."

மிரன் கூரையைப் பார்த்தாள். "தேய்ச்சா ரத்தம் வருது. அதான் அந்தப் பக்கம் போறதில்ல."

"பயந்து தேய்க்காம விட்டா இன்னும்தான் வரும். மெதுவா, ஆனா ஈறுல படுற மாதிரி தேய்க்கணும். கொஞ்ச நாள்ல நின்னுரும்."

"இத நீங்களா சொல்றீங்க, பூனை?"

மார்ஷாவின் தோள் சிரிப்பில் ஒருமுறை குலுங்கியது. பிறகு அவரும் குனிந்து பார்த்தார். அதே இரண்டு இடம். நிமிர்ந்து லோர்னாவிடம் சொன்னார்: "மூணு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. ஈறு ஆறிடுச்சான்னு ரோனாவே பார்ப்பா."

ரோனாவே. அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தானே இத்தனை நாளாக அவள் காத்திருந்தாள்.

மிரன் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள். "அதுவரைக்கும் நகத்த ஒட்ட வெட்டிடாதீங்க. மொதல்ல நான் அழுத்திப் பாக்கணும்."