கால்கள் தெரியும் திரை

தையல்காரியின் வேலை அறைக்கு ஒரே சட்டம்தான்: வேறு யாரும் உள்ளே வரக்கூடாது. பஸ் ஓட்டும் அவள் கணவர் ஒருமுறை சும்மா பேசிக்கொண்டிருக்கலாம் என்று வந்து, மேசை ஓரத்துத் துணிக்குவியல் மேல் உட்கார்ந்து, மூன்று குண்டூசிகளோடு எழுந்தார். அன்றிலிருந்து வாசற்படிக்கு வெளியே நின்றுதான் பேசுவார்.

இந்தச் சட்டம் புதிதாக வளர்க்க வந்த நாய்க்குத் தெரியாது. நாய்கள் காப்பகத்திலிருந்து வந்த மூன்றாம் நாளே உள்ளே புகுந்து இரண்டு சட்டைப் பொத்தான்களை விழுங்கிவிட்டு, மறுநாள் தோட்டத்தில் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தது. அதற்குப் பொத்தான் என்று பெயர் வைத்தவர் கணவர். கால்நடை மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. “பொத்தானா இருந்ததால தப்பிச்சது. நாளைக்கு ஊசிய முழுங்கினா வயித்தக் கிழிச்சுதான் எடுக்கணும்” என்றார்.

சரி, கதவைச் சாத்திவிடலாம் என்றால், அங்கேதான் வினை. பொத்தானை முன்பு வளர்த்தவர்கள் இரண்டு வருடம் கூண்டிலேயே வைத்திருந்தார்களாம். கதவு சாத்தியதும் நகம் பெயரும் அளவுக்குப் பிறாண்டி, தெருவே எட்டிப்பார்க்கும்படி ஊளையிட்டது. குழந்தைகளுக்குப் போடும் மரத்தடுப்பை வாங்கி வந்து வைத்தார்கள். கூண்டுக் கம்பி மாதிரி நின்ற அதன் மரச்சட்டங்களைப் பார்த்தவுடனே நின்ற இடத்தில் மூத்திரம் போய்விட்டு, சோபாவுக்கு அடியில் போனதுதான், சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. “எனக்கு நாயெல்லாம் ஒத்துவராது” என்று முதல் நாள் சொன்ன கணவர், தடுப்பைக் கழற்றிக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். வரும்போது சட்டைப்பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருந்தது. யாருக்கு என்று அவளும் கேட்கவில்லை.

காப்பகம் கொடுத்திருந்தது பத்து நாள். பத்தாம் நாள் அங்கிருந்து ஒரு அம்மா வந்து பார்ப்பார். நாய் இந்த வீட்டில் நிம்மதியாக இல்லை என்று பட்டால் கையோடு அழைத்துப் போய்விடுவார். தையல்காரி நாட்காட்டியில் அந்தத் தேதியைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும் அந்தப் பழுப்பு நிற ஜந்து மேல் இத்தனை சீக்கிரம் உயிரை வைத்துவிடுவோம் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

“பதினெட்டு வருஷமா ஊருக்கெல்லாம் திரை தைக்கிறேன். என் வாசலுக்கு ஒண்ணு தைக்க முடியாதா?” என்று கிளம்பினாள். ரோஷத்தோடு தைத்தது, சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் வந்தது. கெட்டியான பருத்தித் துணி, இடுப்பு உயரம், தரையோடு படியும் ஓரம், நிலையில் மாட்ட இரண்டு பக்கமும் பொத்தான்கள். நாய் ஊளையிடவில்லை. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை முனகியது, மூக்கால் துணியை முட்டியது, மூன்று முறை திரையின் பொத்தானைப் பிய்த்தது. தண்ணீர் குடிக்கக்கூட அந்த வாசலை விட்டு நகரவில்லை. கிண்ணத்தைத்தான் அதனிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது. இப்படியே எட்டாம் நாளும் போய்விட்டது.

ஒன்பதாம் நாள் மாலை, பிய்ந்த பொத்தானைத் தைக்கக் கூடத்துப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். உள்பக்கம் துணியை இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டும். வேறு வழியில்லாமல் கணவரை அறைக்குள் அனுப்பினாள்.

“எதையும் தொடாதீங்க. உக்காராதீங்க.”

“மூச்சு விடலாமா?”

நாயின் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து ஊசியைக் கோத்தாள். இரண்டு தையல் போடுவதற்குள் அவர் குரல் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். துணி. வெறும் துணி. வலமும் துணி, இடமும் துணி.

“என்னங்க, உள்ள இருக்கீங்களா?”

“இங்கதான் இருக்கேன். எங்க போவேன்?”

தையல்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இத்தனை வருடமாக அளவெடுத்ததெல்லாம் நின்றபடிதான். அவளிடம் திரை வாங்குகிறவர்களும் நின்று பார்க்கிறவர்கள்தான். இந்த வாடிக்கையாளரின் கண்ணோ அவள் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அவள் மென்மையான தடுப்பு தைத்ததாக நினைத்தாள்; பொத்தானுக்குச் சுவர் கட்டியிருந்தாள்.

உடனே டேப்பை எடுத்தாள். பொத்தானை நிற்க வைத்துத் தரையிலிருந்து கண் வரை ஓர் அளவு, படுக்க வைத்து ஓர் அளவு. அது டேப்பை நக்கியதே தவிர, பெரிய மனுஷன் போல அசையாமல் அளவு கொடுத்தது. அளவு நோட்டில் புதுப் பக்கம் திருப்பி எழுதினாள்: பொத்தான், நின்றால் பதினெட்டு அங்குலம், படுத்தால் ஆறு. பழைய கொசுவலையை வெட்டி, அந்த இரண்டு உயரத்திலும் திரையில் இரண்டு ஜன்னல்கள் வைத்துத் தைத்தாள்.

மறுநாள் காலையில் அவள் மெஷினை மிதிக்க, பொத்தான் மேல் ஜன்னலில் பார்த்தது, கீழ் ஜன்னலில் பார்த்தது, அவள் கால்களைக் கண்டுபிடித்தது. வலையோரம் முகவாயை வைத்துப் படுத்தது. முனகல் இல்லை.

காப்பகத்து அம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். நோட்டும் பேனாவுமாக வீட்டைச் சுற்றிப் பார்த்தார். திரையைப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு” என்றவர், நாயைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “ஆனா ஒரே எடத்துல கெடக்குதே அக்கா. பயந்துபோனாலும் இப்படித்தான் கெடக்கும். நீங்க உள்ள போய் எப்பவும்போல தைங்க. நான் பாக்கறேன்.”

அவள் உள்ளே போய் மிதித்தாள். தையல் கோணிக்கொண்டு போனது. கீழ் ஜன்னலில் பழுப்பு மூக்கு தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மூக்கு எழுந்தது, நான்கு கால்கள் ஆயின. கால்கள் திரும்பின. வால் ஒருமுறை வலையில் உரசிவிட்டுப் போனது. பிறகு சமையலறையிலிருந்து சளக் சளக்கென்று தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

அவள் கால் நின்றுவிட்டது. என்னை விட்டுப் போய்விட்டதே, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

“உங்களுக்கு முதுகக் காட்டிட்டுப் போறான், பாத்தீங்களா?” என்றார் காப்பகத்து அம்மா.

“பாத்தேன்” என்றாள்.

“காப்பகத்துல இருந்த நாலு மாசத்துல அவன் யாருக்கும் முதுகக் காட்டினதில்ல. திரும்பி வந்தா நீங்க இருப்பீங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு.” திரைக்கு மேலாக ஒரு தாளை நீட்டினார். “இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. அவன் இனிமே உங்க பையன்.”

தையல்காரி அழுதாள், சிரித்தாள், கையெழுத்தைக் கட்டத்துக்கு வெளியே போட்டாள்.

அந்த அம்மாவை வழியனுப்பிவிட்டு வந்து மறுபடியும் மிதிக்க உட்கார்ந்தாள். மனசு லேசாக இருந்தது, தையலும் நேராக ஓடியது. கீழ் ஜன்னலைப் பார்த்தாள். தண்ணீர் சொட்டும் முகவாய் ஒன்று இருந்தது. அதை ஓரமாக நெருக்கித் தள்ளிக்கொண்டு ஒரு மீசையும் இருந்தது. கணவர் காக்கிச் சீருடையோடு தரையில் குப்புறப் படுத்திருந்தார்.

“உன் கால் நல்லாவே தெரியுது” என்றார்.

“கொஞ்சம் தள்ளிப் படுங்க. அது அவன் ஜன்னல்” என்றாள் தையல்காரி.