ஸ்விட்சில் தொங்கிய அட்டை

‘செய்து பார்த்துக் கற்போம்’ என்று எங்கள் பள்ளி ஆய்வகச் சுவரில் நீலப் பெயிண்டில் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே 3டி பிரிண்டர், வந்த நாளில் போட்ட பிளாஸ்டிக் உறையோடு. மாதம் ஒரு முறை உறையை எடுப்பார்கள். நாங்கள் நாலு பேர் சுற்றி நிற்க வேண்டும்.

“கைய மெஷின் மேல வை. அழுத்தாத. எல்லாரும் ஆச்சரியமா பாருங்க” என்பார் மணிமாறன் சார். போட்டோ மேலிடத்துக்குப் போகும். உறை திரும்ப ஏறிவிடும். இரண்டு வருடத்தில் அந்த மெஷின் ஒரு பொத்தான்கூடச் செய்து நான் பார்த்ததில்லை.

எனக்கு அந்த மெஷின் வேண்டாம். பீரோவில் டப்பாவோடு பூட்டிக் கிடக்கும் உள்ளங்கை அளவு கண்ட்ரோலர் போர்டு ஒன்று போதும். சுரங்கத்தில் நிலக்கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டின் மாடல் ஒன்று செய்துகொண்டிருந்தேன். சைக்கிள் டியூபை வெட்டி பெல்ட், மருந்து பாட்டில்களில் உருளை, பழைய சிடி பிளேயரிலிருந்து கழற்றிய மோட்டார். பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால் போர்டு மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். அப்பாவுக்குச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. பெல்ட்டிலிருந்து கொட்டும் நிலக்கரியை மண்வெட்டியால் வாரித் திரும்ப மேலே போட வேண்டும். பெல்ட் ஒதுங்கிய நாளில் வீட்டுக்கு வந்தால் அவரால் சோற்றைப் பிசையக்கூட முடியாது, விரல் மடங்காது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கல்வித்துறை அதிகாரி வருவார், ஒரு மாடலைச் சனிக்கிழமை கடலூர் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுப்பார் என்றார்கள். போர்டு கேட்டு மூன்று வாரம் சார் பின்னால் அலைந்தேன்.

“எரிஞ்சு போச்சுன்னா விளக்கம் யார் எழுதுறது, நீயா?”

“எரியாது சார்.”

“எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க.”

“எல்லாரும்னா யாரு சார்? இதுவரைக்கும் யாருக்குமே குடுக்கலையே.”

“வாய் மட்டும் நல்லா ஓடுது.”

புதன்கிழமை சாயங்காலம்தான் கொடுத்தார். நாற்பது நிமிடம். பாதி வயரை ஈயம் உருக்கிப் பற்ற வைப்பதற்குள் சாவிக்கொத்தை ஆட்டத் தொடங்கிவிட்டார். மோட்டாருக்குப் போகும் பன்னிரண்டு வோல்ட் வயரின் முனை, தோல் சீவியபடி போர்டு மேலேயே கிடந்தது. அந்தக் கரண்ட் பட்டால் போர்டு தாங்காது.

“டேப் சுத்திட்டு வந்துடறேன் சார்.”

“காலைல வந்து சுத்து. எதையும் நகர்த்தாம அப்படியே வச்சுட்டுக் கிளம்பு. எனக்கு பஸ் போயிரும்.”

நோட்டு அட்டையைக் கிழித்து, சிவப்பு ஸ்கெட்ச்சால் எழுதினேன்: ‘வேலை நடக்கிறது. ஸ்விட்ச் போடாதே. எழில்மதி, 11 பி.’ நூல் கட்டி ஸ்விட்சில் மாட்டிவிட்டு வந்தேன். சுரங்கத்தில் மெஷினுக்கு அடியில் போகிறவர் ஸ்விட்சில் அட்டை மாட்டிவிட்டுத்தான் போவார். மாட்டியவர்தான் எடுக்க வேண்டும். எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் வேறு கை அதைத் தொடாது. இங்கே குவார்ட்டர்ஸில் தண்ணீர் டேங்க் கழுவுகிறவர்கள்கூட மோட்டார் ஸ்விட்சில் ஓர் அட்டை மாட்டுவார்கள். அதனால் நான் சாரிடம் எதுவும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. அவர் ஜூன் மாதம்தான் தேனியிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவருக்கு அது வெறும் அட்டை.

வியாழக்கிழமை அதிகாரி ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். உயரமான பெண்கள் வேண்டும் என்று, நான் டேப் சுற்றப் போவதற்குள் என்னைப் பிடித்து வாசலில் சந்தனத் தட்டோடு நிறுத்தியிருந்தார்கள். அவர் சந்தனம் தொட்டுக்கொண்டு உள்ளே போனார். பின்னாலேயே போகப் பார்த்தேன். இன்னொரு கார் வருகிறது, நில் என்றார்கள்.

உள்ளே நடந்ததை ருக்குமணி அக்கா சொல்லித்தான் தெரியும். பள்ளியில் கூட்டிப் பெருக்குகிறவர். அதற்கு முன் ஆறு வருடம் கன்வேயர் அடியில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவர். சார் அவரை ஸ்விட்ச் போடச் சொல்லியிருக்கிறார்.

“அட்டை தொங்குது சார்.”

“எடுத்துட்டுப் போடும்மா.”

“நா எப்டி எடுக்கறது? மாட்டுனது அந்தப் பொண்ணு. வாசல்ல தட்டு புடிச்சிகினு நிக்கிது. கூப்டுங்க, வந்து எடுக்கட்டும்.”

“ஐயா நின்னுக்கிட்டு இருக்காரு!”

“நிக்கட்டும் சார். மைன்ஸ்ல ஜி.எம்மே நிப்பாரு.”

அதிகாரி சிரித்துவிட்டாராம். சாருக்கு மானம் போய்விட்டது. அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவரே ஸ்விட்சைத் தட்டினார்.

நான் தட்டோடு ஓடி வந்தபோது கருகல் நாற்றம். போர்டின் நடுவில் பொட்டு மாதிரி ஒரு கறுப்பு.

“பரவாயில்ல, ஐடியா நல்லாருக்கு” என்றார் அதிகாரி. “பக்கத்துல நில்லும்மா.” போட்டோ எடுத்தார்கள். எரிந்துபோன மாடல் கடலூருக்குத் தேர்வாகிவிட்டது.

மத்தியானம் சார் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். “என் கவனக்குறைவால் போர்டு பழுதானதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு.”

“நான் அட்டை மாட்டியிருந்தேன் சார்.”

“புது டப்பாவோட சீல் உடைக்கணும்னா பழசுக்கு ஒரு காரணம் வேணும். வாத்தியார் எரிச்சாருன்னு எழுதினா விசாரணை, அது இதுன்னு ஆறு மாசம் இழுக்கும். மாணவின்னா அன்னைக்கே முடிஞ்சுரும். எழுதலைன்னா எரிஞ்சதத்தான் தூக்கிட்டுப் போகணும். யோசி.”

அவர் மிரட்டியிருந்தால்கூடத் தேவலை. கணக்குப் பாடம் நடத்துவதுபோல் நிதானமாக விளக்கினார்.

“எழுதாத” என்றார் ருக்குமணி அக்கா. “நா கண்ணால பாத்தேன். எங்க வேணா வந்து சொல்றேன்.”

“சனிக்கிழமைக்குள்ள எங்கக்கா போயி சொல்றது?”

சார் பக்கம் திரும்பினேன்.

“எழுதறேன் சார்” என்றேன். “ஆனா டப்பாவ நான்தான் பிரிப்பேன். நாளைக்குப் பூரா லேப்லதான் இருப்பேன், கிளாசுக்கு வரமாட்டேன். நீங்க எந்த ஸ்விட்சையும் தொடக்கூடாது.”

“என்னம்மா, எனக்கே கண்டிஷன் போடுற?”

“பேனா குடுங்க சார்.”

நாலு வரி எழுதினேன். நாலும் பொய். கையெழுத்துப் போட்டபோது பேனா முனை தாளைக் கிழித்தது. வேறு தாளில் எழுது என்றார் சார். மறுபடி எழுதினேன்.

“நீயும் காண்ட்ராக்டர்கிட்ட நிக்கிற உங்கப்பன் மாதிரியே. நீட்டுன எடத்துலலாம் கையெழுத்துப் போடு” என்று சொல்லிவிட்டு அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சார் சொன்னதைவிட அதுதான் சுட்டது.

பீரோவிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தார் சார். காம்பஸ் முனையால் சீல் ஒட்டிய காகிதத்தைக் கிழித்தேன்.

“மெதுவா, மெதுவா. இதுக்கு மேல ஸ்டாக் இல்ல.”

“நகருங்க சார்” என்று சொல்லிவிட்டு, பற்றவைக்கும் கம்பியைச் சூடேற்றத் தொடங்கினேன்.